வீட்டு மாடியிலிருந்து போர்வெல் கொட்டகைக்கு 1.4 கி.மீ. வைஃபை: கையால் செய்த ஆன்டெனா, ஒவ்வொரு அளவோடும்

பாமணிக்கரை | மே 9

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே பாமணி ஆத்தங்கரை ஊர் எங்களுக்கு. வீட்டுக்கு ஃபைபர் வந்து ஒரு வருஷம் ஆச்சு. வயலும் போர் கொட்டகையும் வீட்டிலிருந்து நேர்கோட்டில் 1.4 கிலோமீட்டர். மேப்பில் அளந்தேன். கொட்டகையில் மோட்டார் ஒயரை ரெண்டு தடவை அறுத்துட்டுப் போயிட்டாங்க. அதிலிருந்து அப்பா ராத்திரி அங்கேதான் படுக்கிறார். அவருக்கு 68 வயசு. உள்ளே மொபைல் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஒரு கேமரா வைக்கணும், அவர் பேத்தியோட வீடியோவில் பேசணும். தேவை இவ்வளவுதான்.

கையில் இருப்பது: பழைய ஒற்றை ஆன்டெனா ரூட்டர் ரெண்டு (2.4 கிகாஹெர்ட்ஸ், குச்சி ஆன்டெனா கழற்றலாம்). ரெண்டிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச மென்பொருள்) ஏத்திட்டேன். குச்சியோடவே மாடியில் வச்சுப் பார்த்தேன், 300 மீட்டர் தாண்டினதும் செத்துப் போகுது.

டப்பா ஆன்டெனாவா, பைகுவாடா (கம்பியை ரெண்டு சதுரமா மடக்கிச் செய்ற ஆன்டெனா), பழைய டிடிஎச் தட்டா? எதில் இறங்கலாம்? தென்னந்தோப்பு நேர்கோட்டுக்கு இடது பக்கம் ஒதுங்கி நிக்குது. நடுவில் முழுக்க வயல்தான்.

காபிடப்பா_குடந்தை | மே 9

டப்பா ரெண்டு செஞ்சு ஓட்டினவன் நான். டப்பாவோட விட்டம்தான் எல்லாம். உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, 175.8-ஐ அதால வகுங்க. வர்ற கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலை அந்த டப்பாவுக்குள்ள ஓடவே ஓடாது. 229.6-ஐ வகுத்தா வர்றது அடுத்த எல்லை. அதுக்கு மேலே போனா ரெண்டாவது வகை அலையும் உள்ளே கிளம்பி, முன்பக்கம் போக வேண்டிய கதிர் சிதறிப் போகும். நம்ம அலைவரிசை 2.412 முதல் 2.472 வரை. அதனால 75-லிருந்து 92 மி.மீ. வரைக்கும்தான் தோது.

என் முதல் டப்பா 100 மி.மீ. பார்க்க நல்லாத்தான் இருந்தது, வேலைக்கு ஆகலை. ரெண்டாவது, 85 மி.மீ. காபித்தூள் டப்பா. அதில் அலையோட உள்நீளம் 232 மி.மீ. வரும். காத்துல 123-தான், டப்பாவுக்குள்ள நீண்டுடும். அதில் கால்பங்கு 58. மூடின அடியிலிருந்து 58 மி.மீ. தள்ளி ஓட்டை போட்டு என்-டைப் கனெக்டர் முடுக்கினேன். உள்ளே நிக்கிற செம்புக் கம்பி 30 மி.மீ. டப்பா நீளம் முக்கால் பங்கு, அதாவது 174. ஒரு டப்பா போதலைன்னா இன்னொண்ணை அடிவெட்டி ஒட்டலாம்.

சரியா 75 மி.மீ. டப்பாவை மட்டும் தொடாதீங்க. கணக்குப்படி ஓடும். ஆனா எல்லைக்கு ரொம்பப் பக்கம், விட்டத்தில் ஒரு மில்லி பிசகினா கனெக்டர் இடம் எங்கேயோ போயிடும்.

காயில்கடை | மே 10

தம்பி, நான் திருவாரூர் பக்கம் மோட்டார் காயில் கட்டுறவன். டப்பாவை விடப் பைகுவாடு உங்களுக்குச் சுலபம். கம்பியை எட்டு மடக்கு மடக்கணும், பின்னாடி ஒரு தகடு, நடுவுல ரெண்டு இடத்துல ஈயம். அவ்வளவுதான் வேலை.

வீட்டு ஒயரிங் ஒயர் வாங்கினா உள்ளே பின்னல் கம்பி, வளைச்சா நிக்காது. எங்க மாதிரி கடையில் ஒத்தைக் கம்பி கேளுங்க, ரெண்டு அடி சும்மாவே குடுப்பாங்க. மேலே எனாமல் பூச்சு இருக்கும், ஈயம் வைக்கிற இடத்துல உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்க்கணும். தேய்க்கலைன்னா ஈயம் உருண்டை உருண்டையா மேலே நிக்கும், பிடிக்காது. பிடிச்ச மாதிரியே தெரியும், அதுதான் மோசம்.

தகடு அலுமினியம் வேண்டாம், ஈயம் ஒட்டாது. பித்தளை வாங்குங்க. நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகள்ல துண்டுத் தகடு கிடைக்கும். 60 வாட்டுக்குக் குறைஞ்ச சால்டரிங் அயர்ன் பித்தளைத் தகட்டைச் சூடாக்காது.

இறால்குட்டை_வேதை | மே 10

நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வேதாரண்யம் பக்கம் குட்டை வச்சிருக்கேன். வெளிப்புறத்துக்குன்னே செஞ்ச 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கருவி ஜோடி வாங்கி ரெண்டு கம்பத்துல மாட்டினேன், மூணு வருஷமா ஓடுது. கையால செய்றதுல வர்ற வில்லங்கம் எல்லாம் மழையில்தான் தெரியும். செம்பு இங்கே ஆறு மாசத்துல பச்சைக் களிம்பு பூத்துடும், உப்புக்காத்து.

பாமணிக்கரை | மே 10

அண்ணே, உங்க பேச்சு நியாயம். ஆனா ரூட்டர் ரெண்டும் சும்மா கிடக்கு. அதோட, ராத்திரி பத்து மணிக்கு லிங்க் போச்சுன்னா நானே கழட்டி நானே சரி பண்ணணும். செஞ்சவனுக்குத்தான் எங்கே கோளாறுன்னு கை போகும். ரெண்டு மாசம் முயற்சி பண்றேன். முடியலைன்னா உங்க வழிக்கே வர்றேன்.

பழைய_ஹாம் | மே 11

அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த டெல்டா ஆன்டெனாவுக்குப் புதிய ஊர் இல்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோர வீடுகளில் மூங்கிலும் ஜிஐ பைப்பும் சேர்த்து உயரமாக நட்டு, அதன் தலையில் யாகி ஆன்டெனா கட்டிக் கடலுக்கு அப்பாலிருந்து படம் பிடித்தார்கள். ஜப்பானில் உடாவும் யாகியும் 1926-ல் வெளியிட்ட வடிவம்தான் அது. மழை பெய்தால் ஒருவர் மேலே ஏறிக் கம்பத்தைத் திருப்புவார், கீழேயிருந்து "வந்துருச்சு, விட்டுரு" என்று குரல் வரும். உங்கள் வேலையும் அதேதான், அலை மட்டும் சிறியது.

முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள், பிறகு கம்பியைத் தொடுங்கள். 1.4 கி.மீ.க்கு, 2.437 கிகாஹெர்ட்ஸில் (6-ஆம் சேனல்) வெட்டவெளி இழப்பு 103 டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு). ரூட்டர் 17 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) அனுப்புகிறது என்று வையுங்கள். இரு பக்கமும் பைகுவாடு, அலையை ஒரு திசையில் குவிப்பதால் கிடைக்கும் லாபம் பக்கத்துக்கு 11. கேபிளும் கனெக்டரும் பக்கத்துக்கு 2 தின்னும். 17 + 22 − 4 − 103 = −68. அதாவது எதிர்முனையில் −68 டிபிஎம் எதிர்பார்க்கலாம். சுழியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. −68-ல் கேமரா தாராளமாக ஓடும். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கம்பம் ஏறியபின் வரும் எண் இதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவு கோளாறு எங்கோ ஒளிந்திருக்கிறது.

ஆன்டெனாவில் கிடைக்கும் லாபம் போவதற்கும் வருவதற்கும் சேர்த்து உதவும். ரூட்டரில் சக்தியைக் கூட்டினால் போவதற்கு மட்டும்தான். கொட்டகையிலிருந்து வரும் குரலைக் கேட்க உங்கள் பக்கத்துச் சக்தி உதவாது.

விதிமுறை: 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை இந்தியாவில் 2005-ல் உரிமம் தேவையில்லாததாக்கினார்கள். அனுப்பும் சக்தி 1 வாட், ஆன்டெனா லாபத்தோடு சேர்த்து 4 வாட், அதாவது 36 டிபிஎம், அதற்குமேல் கூடாது. கட்டடக் கூரையிலிருந்து 5 மீட்டருக்கு மேல் ஆன்டெனா ஏறக் கூடாது. உங்கள் 17 + 11 − 2 = 26, கவலையில்லை.

காயில்கடை | மே 11

ஐயா, ரூபவாஹினி பார்க்க எங்க அப்பா நட்ட பைப் இன்னும் மாடியில நிக்குது. அதுல இப்ப துணி காயுது.

தஞ்சை_மாணவி | மே 12

பாமணிக்கரை அண்ணா, நான் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் மூணாம் வருஷம். என்கிட்ட 3 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கிற நானோ விஎன்ஏ (ஆன்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துதுன்னு காட்டுற சின்னக் கருவி) இருக்கு. (முதல்ல வந்த சின்ன மாடல் 2.4-க்கு எட்டாது, வாங்குறவங்க பார்த்து வாங்குங்க.) செஞ்சுட்டுச் சொல்லுங்க, சனிக்கிழமை மன்னார்குடி வழியாத்தான் ஊருக்குப் போவேன்.

பைகுவாடு அளவு: சதுரத்தின் ஒரு பக்கம் 30.75 மி.மீ., எட்டுப் பக்கம், மொத்தக் கம்பி 246. பின்தகடு 123-க்கு 123. தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் 15 மி.மீ. பக்கத்தை அளக்கும்போது கம்பியின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு அளக்கணும், வெளி விளிம்பு இல்ல.

இன்னொண்ணு: ரெண்டு சதுரமும் பக்கத்துல பக்கத்துல, படுத்த எட்டு மாதிரி இருந்தா அலை செங்குத்து. ஒண்ணுமேல ஒண்ணா, நின்ன எட்டு மாதிரி இருந்தா அலை கிடைமட்டம். ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கணும். மாறிட்டா 20 டெசிபெல் வரைக்கும் போயிடும்.

பாமணிக்கரை | மே 19

முதல் பைகுவாடு முடிஞ்சது. எப்படிச் செஞ்சேன்னு விவரமா எழுதறேன், அடுத்து செய்றவங்களுக்கு ஆகும்.

காயில்கடை அண்ணன் சொன்னபடி ஒத்தைக் கம்பி வாங்கினேன். கடையில எனாமல் கம்பி தீர்ந்து போச்சுன்னு நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுத்துற பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பி குடுத்தாங்க. உறை மழைக்கு நல்லதுன்னு நினைச்சு அதை உரிக்கலை. 30.75-க்கு ஒரு மரக்கட்டையை அறுத்து அதைச் சுத்தி மடக்கினேன். இடுக்கியால மடக்கினா முனை வட்டமா வருது, கட்டையில வச்சுச் சுத்தியால லேசாத் தட்டினா மூக்கு மாதிரி கூர்மையா வருது. நடுவுல ரெண்டு மூக்கும் எதிரெதிரே 3 மி.மீ. இடைவெளியில நிக்கும். கேபிளோட நடுக்கம்பி மேல் மூக்குக்கு, வெளிப்பின்னல் கீழ் மூக்குக்கும் தகட்டுக்கும். தகட்டுல ஓட்டை போட்டு 15 மி.மீ. செம்புக் குழாய்த் துண்டு ஒண்ணு நிறுத்தி, அதுக்குள்ள கேபிளை ஏத்தினேன். குழாய்தான் கம்பியைத் தாங்குது. பித்தளைத் தகடு சூடேற ரெண்டு நிமிஷம் பிடிச்சது, ஈயம் திடீர்னு தண்ணி மாதிரி ஓடி உக்காந்தது.

ரூட்டருக்குப் போற வால் கேபிள் வாங்கும்போது ஏமாந்தேன். ரூட்டர்ல இருக்கிறது ஆர்பி-எஸ்எம்ஏ கனெக்டர், அதுல நடு ஊசி பக்கம் மாறி இருக்கும். நான் வாங்கினது சாதா எஸ்எம்ஏ. மரை அழகா ஏறுது. ஆனா ரூட்டர் பக்கமும் நடு ஊசி, கேபிள் பக்கமும் நடு ஊசி. நல்லவேளை முடுக்கி வளைக்கிறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன்.

தஞ்சை_மாணவி | மே 24

அண்ணாவோட ஆன்டெனாவை இன்னிக்கு மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடை பெஞ்சுல வச்சு அளந்தோம். கேபிள் முனையில கேலிபரேட் பண்ணி, ஆன்டெனாவை மாட்டினா, திரும்பி வர்ற அலை குறையற பள்ளம் 2.31 கிகாஹெர்ட்ஸ்ல விழுது. 2.437-ல எஸ்டபிள்யூஆர் (அலை எவ்வளவு திரும்பி வருதுன்னு சொல்ற அளவு, 1-னா ஒண்ணும் திரும்பலை) மூணுக்கு மேல.

அளவெல்லாம் ஸ்கேல்ல சரியா இருந்தது. அப்புறம்தான் உறை ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள்ள அலை கொஞ்சம் மெதுவாப் போகும், அதனால கம்பி மின்சாரத்துக்கு நீளமாத் தெரியும். 2.31-க்கும் 2.437-க்கும் அஞ்சு சதவீதம்தான் வித்தியாசம். பிளேடால உறையை முழுக்க உரிச்சோம். பள்ளம் நகர்ந்து 2.42-க்கு வந்தது. நடு மூக்கைத் தகட்டுப் பக்கம் ஒரு மில்லி அழுத்தி, திரும்ப இழுத்து, இப்படி ரெண்டு மூணு தடவை ஆட்டினதுல 2.44-ல எஸ்டபிள்யூஆர் 1.3. அதுக்கு மேல குறைக்கிறதுல பிரயோஜனம் இல்லை. 1.5-லயே திரும்பி வர்றது நாலு சதவீதம்தான்.

கையை முன்னாடி நீட்டினாலே கோடு ஆடும். அளக்கிறப்ப ஆன்டெனா வெட்டவெளியைப் பார்க்கணும். பக்கத்துல எவர்சில்வர் டபரா இருந்தாலும் தள்ளி வைக்கணும், நாங்க வச்சோம்.

காபிடப்பா_குடந்தை | மே 24

விஎன்ஏ இல்லாதவங்களுக்கு ஒரு வழி. இன்னொரு ரூட்டரை 50 மீட்டர் தள்ளி ஒரு இடத்துல அசையாம வச்சுட்டு, இங்கே ஆன்டெனாவைக் காய்ஞ்ச மரக்குச்சியில கட்டி, ஒவ்வொரு மாத்தத்துக்கும் பத்து அளவு எடுத்துச் சராசரி பாருங்க. தகட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை 13, 15, 17-னு மாத்திப் பார்க்கலாம். குச்சியைப் பிடிச்சுக்கிட்டு அளக்காதீங்க, தள்ளி வந்துடுங்க. ஒரே ஒரு அளவை நம்பி எதையும் முடிவு பண்ண வேண்டாம், அது மூணு நாலு டெசிபெல் தானா ஆடும்.

பாமணிக்கரை | ஜூன் 1

ரெண்டு ஆன்டெனாவும் ஏத்தியாச்சு. மனசு உடைஞ்சு எழுதறேன்.

மாடி வயல் மட்டத்திலிருந்து 8 மீட்டர், மேலே 4 மீட்டர் பைப், ஆன்டெனா 12 மீட்டர்ல. கொட்டகையில 7 மீட்டர் பைப். ரெண்டும் படுத்த எட்டு, செங்குத்து அலை. ரெண்டையும் ஒரே ஃபோன்ல பேசிக்கிட்டே திருப்பி நேர்ப்படுத்தினோம், அப்பா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பழைய ஹாம் ஐயா சொன்ன −68 சுவர்ல ஒட்டியிருக்கு. வந்தது −82. லிங்க் பிடிக்குது, வீடியோ நிக்குது, நிக்குது, போகுது.

இதுக்காகவே உயரமா நட்டேன். முதல்ல கொட்டகையில 5 மீட்டர் பைப்தான் வச்சிருந்தேன். உயரம் நல்லதுன்னு எல்லாரும் சொல்றதால ரெண்டு மீட்டர் ஒட்டு வச்சேன். 5 மீட்டர்ல அளந்து பார்க்காமலே ஏத்தினதுதான் தப்பு.

இறால்குட்டை_வேதை | ஜூன் 1

கேபிள் எவ்வளவு நீளம்? மாடியிலிருந்து கீழே ரூட்டர் வரைக்கும் ஆர்ஜி-58 இழுத்தா மீட்டருக்கு ஒரு டெசிபெல் போயிடும்.

பாமணிக்கரை | ஜூன் 1

இல்லண்ணே. ரூட்டரையே டப்பாவுல போட்டுக் கம்பத்துல ஆன்டெனாவுக்குப் பின்னாடி கட்டிட்டேன். ஒன்றரை மீட்டர் கேபிள்தான். கீழே வர்றது ஈத்தர்நெட் ஒயர், கரண்டும் அதுலயே ஏறுது.

பழைய_ஹாம் | ஜூன் 2

மனம் உடைய வேண்டாம். உங்கள் ஆன்டெனாவில் குறையில்லை, அளந்தாயிற்று. கேபிள் சரி. எண் 14 டெசிபெல் குறைகிறது. இவ்வளவு பெரிய பள்ளம் ஒரு இடத்தில்தான் பிறக்கும்: தரையில்.

உங்கள் கொட்டகைக்கு இரண்டு அலைகள் வருகின்றன. ஒன்று நேராக. இன்னொன்று நடுவயலில் பட்டுத் தெறித்து. தரையில் இவ்வளவு சாய்வாகப் படும் அலை தெறிக்கும்போது தலைகீழாகும். இரண்டும் கடந்த தூரத்தின் வித்தியாசம் அரை அலை என்றால், தலைகீழான அது மறுபடி நிமிர்ந்து நேர் அலையோடு கைகோக்கும். வித்தியாசம் ஒரு முழு அலை என்றால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க: இரண்டு உயரங்களையும் பெருக்கி, அதை இரட்டித்து, தூரத்தால் வகுங்கள். உங்களுக்கு 12 × 7 = 84. இரட்டித்தால் 168. 1400-ஆல் வகுத்தால் 0.12 மீட்டர். அலையின் நீளம் 0.123 மீட்டர். ஏறக்குறைய ஒரு முழு அலை! பள்ளத்தின் அடியில் கச்சிதமாக நட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தூரத்துக்கு உயரங்களின் பெருக்கல் 43 என்றால் உச்சம், 86 என்றால் பள்ளம். மலைப்பாங்கான ஊரில் தரை இப்படி ஒழுங்காக இருக்காது, இந்தக் கணக்கும் இவ்வளவு துல்லியமாகப் பலிக்காது. நம் மண் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. கொட்டகைக் கம்பத்தை அரை அரை மீட்டராக இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் அளவெடுத்து எழுதுங்கள். வீட்டுப் பக்கத்தைத் தொட வேண்டாம்.

காயில்கடை | ஜூன் 2

ஐயா, உயரத்தைக் குறைச்சா சிக்னல் கூடும்னு இன்னிக்குத்தான் கேக்குறேன். தம்பி, சீக்கிரம் இறக்கிப் பார்த்துச் சொல்லுங்க. எனக்கே இருப்புக் கொள்ளலை.

பாமணிக்கரை | ஜூன் 4

நேத்து சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆரம்பிச்சோம். பைப்பை கிளாம்ப்ல தளர்த்தி இறக்க, ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் வேணும். அப்பா பிடிச்சார், மாமா நட்டு முடுக்கினார், நான் மாடியில அளவு எழுதினேன். ஒவ்வொண்ணும் பத்து அளவுச் சராசரி.

7 மீட்டர்: −82
6.5: −74
6: −70
5.5: −67
5: −65
4.5: −65
4: −67, அந்த உயரத்துல வரப்போரத்து வாதநாராயணன் மரக்கிளை நேர்கோட்டுல வருது

5-லயே முடுக்கிட்டோம். லிங்க் 65 எம்பிபிஎஸ் காட்டுது. ரூட்டர்ல தூரம் 1400 மீட்டர்னு போட்டேன், சேனல் அகலம் 20-லயே வச்சேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா கொட்டகைக் கட்டில்ல உக்காந்து பேத்தியோட பேசினார். அவ பல்லு விழுந்ததை வாயைத் திறந்து காட்டினா. முதல்ல நட்ட 5 மீட்டரே சரியான உயரம், அளக்காம ஏத்தி ஒரு வாரம் வீணாச்சு.

தஞ்சை_மாணவி | ஜூன் 4

கணக்குப் போட்டு வரைஞ்சு பார்த்தேன். உங்க அளவுகள் கோட்டுமேல ஒரு டெசிபெல்லுக்குள்ள உக்காருது. பிரிண்ட் எடுத்து ஹாஸ்டல் ரூம்ல ஒட்டிட்டேன் அண்ணா.

ஒரு சந்தேகம் ஐயா. இப்ப வயல் காய்ஞ்சு கிடக்கு. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணி வந்து, சேறடிச்சு நட்டுட்டா தரை கண்ணாடி மாதிரி ஆயிடும். அப்ப தெறிப்பு இன்னும் அதிகமாகி எல்லாம் மாறிடாதா?

பழைய_ஹாம் | ஜூன் 5

அருமையான கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன், உட்கார்ந்து கணக்குப் போட்டதும் மாற்றிக்கொண்டேன்.

அலை வயலில் படும் கோணம் ஒரு பாகைக்கும் குறைவு. அவ்வளவு சாய்வில் வரும்போது தரையின் மேடுபள்ளம் ஒரு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அலைக்கு அது வழவழப்பான தரைதான். உழுத கட்டி, அறுத்த தாள், வரப்பு எல்லாம் நம் கண்ணுக்குத்தான் கரடுமுரடு. ஆகவே காய்ந்த வயலும் இப்போதே கண்ணாடிதான்.

தண்ணீர் வந்தால் மாறுவது வேறு. செங்குத்து அலைக்கு ஈர மண்ணும் நீரும் காய்ந்த மண்ணைவிடக் கொஞ்சம் குறைவாகவே தெறிக்கும். கிடைமட்ட அலைக்கு நீர் ஏறக்குறைய முழுக்கத் தெறிக்கும். நீங்கள் படுத்த எட்டாக வைத்தது நல்லதாயிற்று, அப்படியே விடுங்கள்.

நெல் வளர்ந்து ஒரு மீட்டரானதும், தெறிக்கும் தளமே மேலே ஏறும் என்று வையுங்கள். அப்போது உங்கள் உயரங்கள் 11-உம் 4-உம். பெருக்கினால் 44, உச்சத்துக்குப் பக்கம். பயிர் வளர்ந்து உங்களைப் பள்ளத்தை நோக்கித் தள்ளாது. 5 மீட்டரில் முடுக்கியது அந்த வகையிலும் சரி.

நாகை_வடக்கு | ஜூன் 6

உள்ளே நுழையறதுக்கு மன்னிக்கணும். எனக்கு 4 கி.மீ. மாடியில பழைய 60 செ.மீ. டிடிஎச் தட்டு சும்மா இருக்கு. அதுல பைகுவாடு வச்சா போகுமா?

பழைய_ஹாம் | ஜூன் 6

போகும். 60 செ.மீ. தட்டு இந்த அலைக்குச் சுமார் 21 டிபிஐ (ஆன்டெனா லாபத்தின் அளவு) தரும். பழைய எல்என்பி (தட்டுக்கு முன்னால் நீட்டிய கையில் இருக்கும் சிறு கருவி) இருந்த இடத்தில் பைகுவாடை, தட்டைப் பார்த்தபடி வையுங்கள். இரண்டு எச்சரிக்கை.

இது ஆஃப்செட் தட்டு, அதாவது எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே ஒதுங்கி நிற்கும் வகை. நேராக நிமிர்த்தி வைத்தால் அது பார்ப்பது அடிவானத்தை அல்ல, 20 பாகைக்கு மேலே வானத்தை. அடிவானத்தைப் பார்க்க வேண்டுமானால் தட்டு முன்பக்கமாகக் கவிழ்ந்து நிற்க வேண்டும். பார்ப்பவர்கள் தரையைப் பார்க்கிறது என்பார்கள், விடுங்கள். கதிர் அகலம் 14 பாகைதான். ஓரக்கதிரில் பிடித்துவிட்டு அதுவே உச்சம் என்று முடுக்கிவிடாமல், இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, நடு உச்சத்துக்கு வாருங்கள்.

அடுத்தது சக்தி. ரூட்டர் 20 டிபிஎம், தட்டு 21, மொத்தம் 41. சட்டம் 36. ரூட்டரை 15-க்கு இறக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் தட்டு இருந்தால் அதுவே ஏராளம்.

இறால்குட்டை_வேதை | ஜூன் 7

பாமணிக்கரை தம்பி, எண்ணைப் பார்த்தேன், சந்தோஷம். இனி மழைக்கான வேலை. கம்பியை உரிச்சுட்டீங்க, அதனால தெளிவான வார்னிஷ் மெல்லிசா ஒரு கை பூசுங்க. தடிமனாப் பூசினா உறை போட்ட கதைதான் திரும்பும். முன்னாடி ஒரு பிளாஸ்டிக் டப்பா கவிழ்த்து மூடணும். கறுப்பு டப்பா வேண்டாம், அதுல கரி கலந்திருக்கும். எந்த டப்பான்னு சந்தேகம்னா மைக்ரோவேவ் அடுப்புல ஒரு டம்ளர் தண்ணியோட சேர்த்து ஒரு நிமிஷம் ஓட்டுங்க. அடுப்பும் வைஃபையும் ஒரே அலைவரிசைப் பக்கம்தான். டப்பா சுட்டா அது அலையைத் தின்னுது.

டப்பாவுக்கு அடியில மட்டும் ரெண்டு சின்ன ஓட்டை, உள்ளே வேர்க்கிற தண்ணி இறங்க. ஓட்டை பெரிசா இருந்தா குளவி மண்கூடு கட்டும், எனக்குக் கட்டியிருக்கு. கேபிள் டப்பாவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடுங்க, தண்ணி அங்கேயே சொட்டிடும்.

கம்பத்துக்கு மூணு பக்கம் ஸ்டே கம்பி கட்டுங்க. 2018 நவம்பர் 16 கஜா அடிச்ச ராத்திரி இங்கே சும்மா நட்டு வச்ச பைப் ஒண்ணும் நிக்கலை. ஐப்பசி இடிக்கு முன்னாடி பைப்பைத் தனி எர்த்ல கட்டிடுங்க.

பாமணிக்கரை | ஜூலை 8

எல்லாருக்கும் தகவல். மூணாறு தலைப்புல (ஆறு மூணாப் பிரியற இடம்) திறந்த தண்ணி வாய்க்கால் வழியா எங்க மடைக்கு வந்து சேறடிச்சு முடிஞ்சது. நடவு நேத்து ஆச்சு. வயல் முழுக்கத் தண்ணி, மாடியிலிருந்து பார்த்தா வானம் கீழே கிடக்கு.

அளவு −64. காய்ஞ்ச வயல்ல −65. பத்து அளவு, அஞ்சு நாள், அதிகபட்சம் ரெண்டு டெசிபெல் ஆடுது. ரெண்டு நாள் நல்ல மழை பெஞ்சது, அப்பவும் −65-தான். டப்பா வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா, அடுப்புல ஓட்டிப் பார்த்தேன், சுடலை. வார்னிஷ் ஒரு பூச்சு. ஸ்டே கட்டியாச்சு. எர்த் குழிக்குக் கரியும் உப்பும் வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை தோண்டணும்.

கேமரா கொட்டகை வாசலைப் பார்க்குது. அப்பா இப்ப வாரத்துல நாலு ராத்திரி வீட்டுல படுக்கிறார். மீதி நாள் அவரே இஷ்டப்பட்டுப் போறார், தண்ணி பார்க்கணுமாம்.

பக்கத்து வயல்காரர் தன் கொட்டகைக்கும் கேக்குறார். 900 மீட்டர். வீட்டுப் பக்கம் அதே 12 மீட்டர் கம்பம்தான். 0.123-ஐ 900-ஆல் பெருக்கி நாலால் வகுத்தா 27.7 வருது. பன்னிரண்டால் வகுத்தா 2.3 மீட்டர், அது நெல்லுக்கு ரொம்பப் பக்கம். வீட்டுல அவருக்குத் தனிக் கம்பம், கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு 9 மீட்டர்ல வச்சா அவர் பக்கம் 3 மீட்டர். அதுவும் தாழ்வாத்தான் படுது. ஐயா, 9-க்கு 4-ன்னு வச்சு 36-ல நிறுத்தினா பள்ளத்திலிருந்து போதுமான தூரம் இருக்குமா?

பழைய_ஹாம் | ஜூலை 8

இருக்கும். 900 மீட்டருக்குப் பள்ளம் 55-ல். 36 என்றால் உச்சத்திலிருந்து ஒரு டெசிபெல் அளவுக்குத்தான் இறங்கும், பயிர் ஏறினால் அதுவும் சரியாகிவிடும். நட்டுவிட்டு 3.5, 4, 4.5 மூன்றிலும் அளந்து எழுதுங்கள். இரண்டு லிங்க்கும் ஒரே மாடி, ஆகவே அவருக்கு 11-ஆம் சேனல் கொடுங்கள்.